துருக்கியரின் விலங்கு ஆண்டுகள்: பரவும் தகவல் சரியா?

“எலி, புலி என்று ஆண்டுகளுக்குப் பெயரிடுவது சீனர்களின் வழக்கம் மட்டுமே, மத்திய ஆசியாவின் கசாக் போன்ற, துருக்கிய மொழிகள் பேசும் மக்கள் அதை அண்மையில்தான் காப்பியடித்தார்கள்” என்றொரு தகவல் சுற்றிவருகிறது. இது தவறு. பன்னிரண்டு விலங்குகளின் பெயர்கள் ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றிவரும் இந்தச் சுழற்சிக்கான மிகப் பழைய சான்றுகள் சீனத்தில் கிடைத்தவை என்பது மெய்தான். ஆனால் “அண்மையில்” என்பது வெறும் கதை.

மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் துருக்கிய இளவரசர் குல் தெகினின் நினைவுக் கல் நிற்கிறது. அவர் செம்மறி ஆண்டின் 17ஆம் நாள் மறைந்தார், ஒன்பதாம் மாதம் 27ஆம் நாள் இறுதிச் சடங்கு நடந்தது, குரங்கு ஆண்டில் கல் முடிக்கப்பட்டது என்று அதில் துருக்கிய மொழியிலேயே பொறித்திருக்கிறார்கள். நம் கணக்கில் அவை 731, 732. கிட்டத்தட்ட 1,300 ஆண்டுப் பழக்கத்துக்கு “அண்மை” என்று பெயரா?

அப்படியே நகலெடுத்தார்கள் என்பதும் பொருந்தாது. 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழி அறிஞர் மஹ்மூத் அல்-கஷ்கரி தந்த விலங்குப் பட்டியலில் டிராகன் இருக்க வேண்டிய இடத்தில் முதலை இருக்கிறது. கசாக் மக்களிடம் அது நத்தை! (டிராகனுக்குப் பதில் நத்தை வந்ததை நான் மிகவும் ரசிக்கிறேன்.) அவர்களுக்குப் பன்னிரண்டாண்டுச் சுற்று ‘முஷெல்’. ஒவ்வொரு சுற்றும் முடிந்து வரும் 13, 25, 37 ஆகிய வயதுகள் கண்டம் நிறைந்தவை என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். தானம் கொடுத்து அதைக் கடக்கிறார்கள்.