பித்தநாளம் வெட்டுப்பட்டாலே அலட்சியமா?

லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமரா வைத்துச் செய்யும் அறுவையில்) பித்தப்பையை எடுக்கும்போது, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம் வெட்டுப்பட்டாலே அது டாக்டரின் அலட்சியம்தான் என்று சிலர் முடிவுகட்டுவது சரியல்ல. தேர்ந்த கைகளிலும் ஆயிரத்தில் சிலருக்கு இது நேர்கிறது. வீக்கம் அதிகமிருந்தால் குழாய்கள் ஒட்டிப்போய் அடையாளமே தெரியாது. எனவே பார்க்க வேண்டியது டாக்டர் என்னென்ன செய்தார் என்பதை. குழாயை மூடும் கிளிப்பைப் போடுவதற்கு முன், பித்தப்பைக் குழாய், கல்லீரல் குழாய், கல்லீரல் இவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணப் பகுதியிலுள்ள கொழுப்பையும் நாரையும் நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தான் (பித்தப்பைக் குழாயும் அதன் ரத்தக்குழாயும்) போகின்றன என்று உறுதிசெய்தாரா? தெளிவாகத் தெரியாதபோது வயிற்றைத் திறந்தாரா, அல்லது அனுபவசாலியைத் துணைக்கு அழைத்தாரா? அறுவைக் குறிப்பில் இது இருக்க வேண்டும், வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. என் பார்வையில் அலட்சியம் பெரும்பாலும் அறுவைக்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. மறுநாளும் வயிறு உப்பி, வலி கூடி, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தும் ஸ்கேனும் பிலிருபின் (ரத்தத்திலுள்ள பித்த நிறமி) பரிசோதனையும் செய்யாமல் வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அதற்குச் சாக்கே கிடையாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியது இந்தத் தவறை மூடாது. சிலர் நேராகப் போலீசுக்குப் போகச் சொல்கிறார்கள். ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும், புகாரை ஆதரிக்கும் வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடக் கெடு. முதலில் மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.