மெகாவாட்டை எண்ணியது போதும், யூனிட்டை எண்ணுங்கள்

முந்தாநாள் நண்பர் ஒருவரின் பதிவுக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "என்னப்பா இது?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவர் போட்டது: "இந்தியாவில் இனி பாதி மின்சாரம் பசுமை மின்சாரம்." நான் கீழே எழுதியது இரண்டே வரி: "பாதி மின்சாரம் இல்லைங்க, பாதி நிறுவுதிறன். இரண்டும் வேற வேற." நிறுவுதிறன் என்றால் கட்டிவைத்த மின்நிலையங்கள் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு. இதற்குத்தான் நிலக்கரிக் கம்பெனியிடம் காசு வாங்கியவன், நாடு முன்னேறினால் வயிறு எரிகிறவன் என்று இருபது முப்பது பேர் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் என் கமெண்டைக் காணோம். ஏசியவை அப்படியே இருந்தன.

சரி, நிதானமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு, 2030க்குள் நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராத மின்நிலையங்களின் திறன் 500 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). மறுவருடம் ஐ.நா.வுக்குக் கொடுத்த உறுதிமொழி, மொத்த நிறுவுதிறனில் பாதி இந்த வகையாக இருக்கும் என்பது. அந்தப் பாதியை 2025 ஜூன் இறுதியிலேயே தொட்டாயிற்று. சுமார் 485 ஜிகாவாட்டில் 243. ஐந்து வருடம் முன்னதாக! இதில் பெரிய அணைகளும் அணுமின் நிலையங்களும் அடக்கம். அப்படியே இருந்தாலும் இது பெரிய வேலை. எனக்கும் சந்தோஷம்தான். இதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

ஆனால் வீட்டில் இருபது லிட்டர் குடம் இருக்கிறது என்றால் இருபது லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமா? நிறுவுதிறன் என்பது குடம். யூனிட் என்பது தண்ணீர். ஒரு மெகாவாட் சோலார் நம் ஊர் வெயிலில் வருடத்துக்குப் பதினாறு, பதினேழு லட்சம் யூனிட் தரும். ஒரு மெகாவாட் நிலக்கரி நிலையம் இப்போது ஓடுகிற ஓட்டத்தில் சுமார் அறுபது லட்சம் யூனிட் தருகிறது. ராத்திரியில் வெயில் கிடையாது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மெகாவாட்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று கூட்டி "பாதி மின்சாரம்" என்று எழுதினால் அது தப்பு. நாட்டில் உற்பத்தியாகிற மின்சாரத்தில் இன்னமும் சுமார் எழுபது சதவீதம் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. நான் சொன்னது இவ்வளவுதான். மெகாவாட் வேறு, யூனிட் வேறு.

"உலகம் பூரா நிறுவுதிறனில்தான் இலக்கு வைக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2023இல் துபாய் பருவநிலை மாநாட்டில் சோலார், காற்று போன்றவற்றை உலக அளவில் மூன்று மடங்கு ஆக்குவோம் என்று சொன்னதும் திறன் கணக்குதான். ஆனால் சீனாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். இலக்கைத் துரத்திக் காற்றாலைகளை நட்டுக்கொண்டே போனார்கள். 2016இல் கான்சு மாகாணத்தில் காற்றில் கிடைத்திருக்க வேண்டிய மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வீண். எடுத்துப்போக லைன் இல்லை, வாங்க ஆள் இல்லை. மறுவருடமே கான்சு உட்பட ஆறு பகுதிகளைச் சிவப்புப் பட்டியலில் போட்டு, வீணாவது குறைகிற வரை புதிய காற்றாலைக்கு அனுமதி இல்லை என்று நிறுத்தினார்கள். அதாவது, குடம் வாங்கியது போதும், முதலில் தண்ணீர் பிடி என்றார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

நமக்கும் இது புதிதில்லை. 2022க்குள் சோலார், காற்று போன்றவற்றில் 175 ஜிகாவாட் என்று முன்பு ஓர் இலக்கு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சோலார் 100, காற்று 60, மிச்சம் மற்றவை. 2022 முடியும்போது கையில் இருந்தது சுமார் 120. அந்த 100 ஜிகாவாட் சோலாரில் 40 வீட்டு மாடிகளிலும் கட்டடக் கூரைகளிலும் வரவேண்டியது. அதில் கால்வாசிகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அடுத்த இலக்கு வந்துவிட்டது, எல்லோரும் அதற்குக் கைதட்டப் போய்விட்டோம்.

"வளர்கிற நாடு, கொஞ்சம் பொறு" என்கிறீர்கள். பொறுக்கிறேன். "அமெரிக்காக்காரன் கக்கிய புகையைக் கேள்" என்கிறீர்கள். கேட்கிறேன், அதில் சண்டையே இல்லை. அதற்கும் என் கமெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒருவர் எழுதினார்: "காத்தாடிக்குக் காவல் இருந்தவன் வீட்டுப் பையன் கிரிட் (மின் வலையமைப்பு) பற்றி வகுப்பெடுக்கிறான்." அதற்கு எண்பது பேர் சிரித்திருந்தார்கள். அதில் நான்கைந்து பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

ஆமாம், என் சித்தப்பா கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் காற்றாலையில்தான் வேலை பார்த்தார். காவல் இல்லை, ஆபரேட்டர். கோபுரத்தின் அடியில் இரும்புக் கதவைத் திறந்தால் பேனல், அதன் மேலே ஒரு நீள நோட்டு. தேதி, காத்தாடி நம்பர், நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். பள்ளி விடுமுறையில் நான் போய் அவருடன் இருப்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் சைக்கிளை மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்கும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படி ஒரு ராத்திரியில் சப்ஸ்டேஷனில் இருந்து போன் வரும். நிறுத்து. சித்தப்பா ஒவ்வொரு காத்தாடியாக டார்ச் எடுத்துக்கொண்டு போவார். இறக்கைகள் மெல்ல மெல்ல நிற்கும். காற்று மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.

நிறுத்தினால் அவருக்குச் சம்பளம் குறையாது. ஆனாலும் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசமாட்டார். அப்புறம் நோட்டை இழுத்துக் காரணம் என்ற கட்டத்தில் எழுதுவார்: "காத்து நல்லா இருக்கு. லைன் இல்ல."

அந்தக் காத்தாடிகள் எல்லாம் நிறுவுதிறன் கணக்கில் அன்றைக்கும் இருந்தன. நின்றுகொண்டே கணக்கில் இருந்தன. 2025இல் ராஜஸ்தானில் உச்சி வெயிலில் சோலார் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொன்ன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. சோலார் பூங்காவை ஒன்றரை வருடத்தில் எழுப்பிவிடுகிறார்கள். உயரழுத்தப் பாதைக்குக் கோபுரம் நட்டுக் கம்பி இழுக்க அதைவிட அதிகக் காலம் ஆகிறது. இதை யாரும் பேனர் அடித்துக் கொண்டாட மாட்டார்கள். மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற, கோவை மாவட்டத்துக் கடம்பாறை நிலையம் 1980களின் கடைசியிலேயே நம்மிடம் வந்துவிட்டது, 400 மெகாவாட். அப்படி எத்தனை கட்டினோம் என்பதும் இலக்கில் இருக்க வேண்டாமா? சாயங்காலம் ஆறரைக்கு வெயில் போய்விடும். வீட்டில் லைட் போடுவது அப்போதுதானே?

நான் சோலாருக்கு எதிரி என்றால் இதையெல்லாம் ஏன் கேட்கப் போகிறேன்? நட்டது ஓட வேண்டும் என்று நினைக்கிறவன்தான் நின்றதைக் கணக்குக் கேட்பான்.

சித்தப்பா இப்போது ஓய்வில் இருக்கிறார். கமெண்டுகளைத் தங்கச்சி அவரிடம் படித்துக் காட்டிவிட்டாள், காட்டியிருக்க வேண்டாம். நேற்று ராத்திரி போன் செய்தார். அந்த எண்பது பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பழைய நோட்டு ஒண்ணு பரண்ல கிடக்கு, எடுத்து அனுப்பவா?" என்று மட்டும் கேட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் ஏழு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், ஓரமெல்லாம் கரையான் அரித்தது. முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். கடைசிக் கட்டத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்.