ஷெஹாய் வராத வாள்வீரன்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் வந்த ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு வெளியானது 2011 நவம்பரில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதில் புதிதாக ஒரு வாள்வீரனை உருவாக்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுசாகப் போய்விடுகிறது. முகத்தைச் செதுக்க ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் இவன் எதையெல்லாம் செய்ய மாட்டான் என்று முடிவு கட்டுவதற்கு.

போன வாரம் நண்பர் ஒருவர் தன் ‘லோர் பில்ட்’டை, அதாவது ஆட்டத்தின் கதையுலகுக்குப் பொருந்த உருவாக்கிய ஆளை, அனுப்பியிருந்தார். ரெட்கார்ட் இனம், தலையில் அலிக்கிர் பாலைவன வீரரின் முக்காடு, இடுப்பில் வளைந்த வாள், பெயர்கூட அந்த இனத்தின் நாடான ஹாமர்ஃபெல் பெயர்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். மருந்து குடித்து மந்திரப் பொறிப்பின் வலுவை ஏற்றியிருக்கிறார், அந்தப் பொறிப்பை அணிந்து அடுத்த மருந்தின் வலுவை ஏற்றியிருக்கிறார். காலணி, கையுறை, கழுத்தணி, மோதிரம் என்று நான்கு இடத்திலும் வாள்வீச்சுக்கான ஊக்கம். டிராகன் இரண்டு வெட்டில் விழுகிறது. கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த முக்காட்டைக் கழற்றிவிட்டு வேறு இனமான ஒரு நார்டின் தலையை வைத்தால் பில்டில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். “அப்படியானால் உங்கள் ஆளைக் காட்டுங்களேன்” என்றார். நியாயமான கேள்வி. காட்டுகிறேன்.

ரெட்கார்டுகளின் பூர்வீகம் யொக்குடா என்ற மேற்குத் தீவுக்கண்டம். அது கடலில் மூழ்கிய பிறகு, முதல் யுகம் 808-ஆம் ஆண்டில் ‘ரா கடா’ என்ற போர்வீரர் அலையாக ஹாமர்ஃபெல்லில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய வாள்பாடகர்களின் மரபு இந்த விளையாட்டு வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வாள் அவர்களுக்கு வழிபாடு. அதில் கடைசிப் படியை எட்டியவன் அன்செய். அவன் தன் ஆவியிலிருந்தே ஒரு வாளை உருவாக்கிக்கொள்வான். அதுதான் ஷெஹாய். கையில் இரும்பு இல்லாவிட்டாலும் அவன் நிராயுதபாணி ஆவதில்லை.

அந்த மரபின் பெரிய ஆசான் ஃபிராண்டர் ஹண்டிங். முப்பது வயதுக்குள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகள், அத்தனையிலும் வெற்றி, பிறகு மலைக்குகையில் அமர்ந்து வாளின் தத்துவத்தை எழுதியது. ஜப்பானிய வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். மியாமோட்டோ முசாஷியின் வாழ்க்கையை அப்படியே எடுத்து எண்ணிக்கையை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். முசாஷி தன் கணக்காகச் சொன்னது அறுபதுக்கு மேல். இரவல் வாங்குவதில் எனக்குக் குறை இல்லை. நல்ல இடத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழும் இடம் வருகிறது. நானும் விழுந்தேன். ஆவிவாள் வேண்டும் என்றதும் கை தானாக வரவழைப்பு மந்திரத்தின் பக்கம் போகிறது. ‘பவுண்ட் சோர்ட்’ தொடக்க நிலை மந்திரம்தான். கையை விரித்தால் ஊதா நிறத்தில் புகைந்துகொண்டு ஒரு வாள் வந்து நிற்கும். 120 நொடி இருக்கும், உறையிலிட்டால் கரைந்துபோகும். என் முதல் வாள்பாடகன் இதை வைத்துத்தான் நாற்பது லெவல் வரை போனான். பார்க்க அருமையாக இருந்தது. ஷெஹாய் என்றே நான் நம்பியிருந்தேன்.

பிறகு ஒரு நாள் இதே வரிசையின் பழைய ஆட்டமான மாராவிண்டை மறுபடி ஆடினேன். 2002-இல் வந்தது. அதில் இதே வகை மந்திரத்துக்கான விளக்கத்தில் பச்சையாகப் போட்டிருக்கிறது: ஒரு சிறு டேட்ராவைப் பிடித்து வாள் வடிவில் கட்டிவைப்பதுதான் இந்த மந்திரம். அதாவது என் புனித வாள்பாடகன் நாற்பது லெவலாக ஒரு பேயைக் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மந்திரவாதிகளைக் கண்டாலே முகம் சுளிக்கும் மக்கள் ரெட்கார்டுகள். பாத்திரத்தை உருவாக்கும்போது அழிப்பு மந்திரத்தில்கூட அவர்களுக்கு 5 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும், வரவழைப்பில் ஒன்றும் கிடையாது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

“வேறு வழி இல்லையே, ஆட்டத்தில் ஷெஹாய் என்று தனியாக ஒன்றும் வைக்கவில்லையே” என்கிறார் நண்பர். உண்மைதான், வைக்கவில்லை. ஸ்கைரிம் நடப்பது நான்காம் யுகம் 201-இல். அன்செய்கள் பழங்கதையாகிவிட்ட காலம். அப்போது பிறந்த ஒருவனுக்கு ஷெஹாய் வராததுதான் இயல்பு. ஆகவே என் புதிய ஆளுக்கு அது வரவே வராது. சிறுவயது முதல் பயிற்சி எடுத்திருக்கிறான், பாடல்கள் தெரியும், கை மட்டும் காலியாகவே இருக்கிறது. இந்த முடிவை எடுத்த நிமிடத்தில்தான் அவன் எனக்கு ஓர் ஆளாகத் தெரிய ஆரம்பித்தான். வரவழைப்பு மந்திரம் முழுக்கத் தடை. மந்திர ஆற்றலான மேஜிக்காவில் ஒரு புள்ளிகூடப் போடுவதில்லை.

அடுத்தது இன்னும் பெரிய சிக்கல், பிணங்கள். ரெட்கார்டுகளுக்கு இறந்தோர் புனிதமானவர்கள். எழுந்து நடமாடினாலும் அவர்கள் மேல் வாளை ஓங்குவது தீட்டு. 2014-இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் அஷபா என்று ஒரு குலம் வரும். எழுந்த பிணங்களை அழிக்கும் வேலையை ஊருக்காகத் தலைமேல் போட்டுக்கொண்டவர்கள். அந்த வேலைக்காகவே ஊர் அவர்களை ஒதுக்கிவைத்திருக்கிறது. ஆபத்து என்றால் கூப்பிடுவார்கள், அது முடிந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இப்போது ஸ்கைரிமை நினைத்துப் பாருங்கள். எந்தக் கல்லறைக்குள் நுழைந்தாலும் ட்ராகர்கள், எழுந்து நடமாடும் பிணங்கள். முக்கியக் கதையே ப்ளீக் ஃபால்ஸ் கல்லறைக்குள் தள்ளிவிடுகிறது. ரெட்கார்ட் ஒருவன் தன் மரபை மதித்தால் அங்கே வாசலிலேயே நிற்க வேண்டும். நண்பரின் முக்காட்டு வீரன் யோசிக்காமல் உள்ளே போய் எல்லோரையும் வெட்டிவிட்டு, அஸ்திக் கலயங்களையும் துழாவிக் காசை எடுத்துக்கொண்டு வருகிறான்.

என் ஆளை அஷபா வழியில் வந்தவனாக வைத்தேன். இரண்டு ஆட்டங்களின் கதைக்கும் இடையே தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதை நானே நிரப்பிக்கொண்டேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவன் கல்லறைக்குள் போகலாம், பிணத்தை வெட்டலாம், ஆனால் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. வேலைக்காகக் கேட்ட பொருளைத் தவிர கலயத்தில் கை வைக்கக்கூடாது, ட்ராகரின் ஆயுதத்தைத் தொடக்கூடாது. வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படும் நீரில் இறங்க வேண்டும். ப்ளீக் ஃபால்ஸின் பின்வழியாக வந்தால் கீழே இலினால்டா ஏரி தெரியும். முக்காட்டையும் கவசத்தையும் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, ஆட்டத்தின் காத்திருக்கும் வசதியில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தேன். திரை இருண்டு மறுபடி விடிந்தபோது ஏரிக்கு மேல் மூடுபனி. ஆட்டம் இதற்கு எதுவும் தருவதில்லை. ஒரு புள்ளி ஏறாது. வீட்டில் பின்னால் நின்று பார்த்தவர்கள், “ஏன் சும்மா தண்ணீரில் நிற்கிறான்?” என்று கேட்டார்கள். குளிக்கிறான் என்றேன்.

பிறகு வைட்ரன் ஊருக்குப் போய் ஆர்கேயின் பீடத்தில் வணங்குவான். அவனுடைய தெய்வம் டூவாக்கா. அங்கே அவருக்குப் பீடம் இல்லை. இறந்தோரைக் காக்கும் தெய்வம்தானே என்று ஆர்கேயோடு சமாதானம் செய்துகொள்கிறான். இதற்காவது 25 ஆரோக்கியப் புள்ளி கிடைக்கிறது.

தொடக்கத்தில் கையில் காசே சேராது. பதினைந்து லெவல் வரை வளைந்த வாள் ஒன்றோடுதான் அலைந்தான். அதன் அடிப்படைத் தாக்கம் 11, எல்ஃப் வாளுக்குச் சமம், ஆகையால் பெரிய தியாகம் என்று பீற்றிக்கொள்ள முடியாது.

மற்றப் புள்ளிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு லெவலுக்கு உடல் தெம்பான ஸ்டாமினா, ஒரு லெவலுக்கு ஆரோக்கியம். கேடயம் கிடையாது. ஒற்றைக்கை ஆயுதத்துக்கான திறன் மரத்தில் வாளுக்கான கிளை மட்டும். ரெட்கார்டுகளின் பிறவித் திறன் நாளுக்கு ஒரு முறைதான், 60 நொடிக்கு ஸ்டாமினா பத்து மடங்கு வேகத்தில் மீளும். அதைக் கும்பலாக வந்து இறங்கும் கூட்டச் சண்டையில் வீணாக்குவதில்லை. பெயர் சொல்லி எதிரே நிற்கும் ஒருவனுக்காக மட்டும் வைத்திருக்கிறான்.

ஒன்றே ஒன்று மட்டும் நான் தேடாமலே வந்து பொருந்தியது. ‘எலமெண்டல் ஃப்யூரி’ என்ற கூவல், அதாவது டிராகன் மொழிச் சொற்களை உரக்கச் சொல்லும் சக்தி, வாளின் வேகத்தைக் கூட்டும். சொற்கள் மூன்று: சு, கிரா, தூன். காற்று, போர், நளினம் என்று பொருள். மந்திரம் பொறித்த ஆயுதத்தில் இது வேலை செய்யாது. எல்லோரும் இதைக் குப்பை என்று ஒதுக்குவதற்குக் காரணமே அதுதான், இருபது லெவலுக்கு மேல் பொறிப்பில்லாத வாளை யார் வைத்திருக்கிறார்கள்? என் ஆள் வைத்திருக்கிறான். மந்திரத்தை ஒதுக்கியவன் அவன். வாயால் மூன்று சொல் பாடினால் வெறும் இரும்பு துள்ளுகிறது. வாள்பாடகன் என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக அந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. முதல் முறை அது நடந்தபோது எதிரே இருந்த கொள்ளைக்காரனை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோடாரி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

நண்பர் கடைசியாகக் கேட்டது, இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் ஆட்டம் சலிக்காதா என்று. இப்போது நான் சேமித்துவைத்த ஆட்டம் நிற்கும் இடத்தைச் சொல்கிறேன். கெமாட்டு என்ற அலிக்கிர் வீரர்களின் தலைவன் குகைக்குள் எதிரே நிற்கிறான். வைட்ரன் விடுதியில் வேலை பார்க்கும் சாதியா என்ற பெண், ஹாமர்ஃபெல்லில் உள்ள தன் நகரமான டாநெத்தை எல்ஃப்களின் ஆல்ட்மெரி ஆட்சிக்கு விற்றவள் என்கிறான். அவளோ, அந்த ஆட்சியை எதிர்த்துப் பேசியதற்காகத்தான் துரத்தப்படுவதாகச் சொல்கிறாள். யார் சொல்வது பொய் என்பதை ஆட்டம் எங்கேயும் உறுதியாகச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் போனாலும் 500 தங்கக் காசுதான். முன்பு இதே இடத்தைப் பல முறை அரை நிமிடத்தில் கடந்திருக்கிறேன்.

இந்த முறை, பாத்திரத்தை உருவாக்கிய அன்று விளையாட்டாக ஒரு காகிதத்தில் எழுதிவைத்தேன்: பிறந்த ஊர், டாநெத். ஆகவே அவனுக்குக் கெமாட்டுவை நம்ப வேண்டும் போலிருக்கிறது. ஊர் விழுந்ததற்கு ஒரு முகம் கிடைக்கிறதே. அந்த ஆசையே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மூன்று நாளாக அந்தச் சேமிப்பைத் திறக்கவில்லை.