வண்டிக்கு அல்ல, வழிகாட்டிக்குக் காசு கொடுங்கள்

மே மாதம் தம்பி குடும்பத்தோடு திருச்சியிலிருந்து மொரீஷியஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கடற்கரை, கங்கா தலாவ் ஏரி, கோர் தெ கார்த் மலை முருகன் கோயில், போர்ட் லூயி சந்தை எல்லாம் முதல் ஐந்து நாளிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள். ஆறாவது நாள் காலை பருப்புப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மகள் கேட்டாள்: "அத்தை, அந்த நாலு சக்கர பைக்கில் காட்டுக்குள் போவார்களே, அதற்கு நாமும் போகலாமா?"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைகளோடு இப்படி ஒரு சவாரிக்குப் போயிருந்தேன். தீவின் தெற்கில் ஒரு இடம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. போனதும் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ஹெல்மெட் உள்ளே ஈரமாக இருந்தது. எனக்குக் கொடுத்ததில் தாடைக்குக் கீழே பூட்டும் கொக்கி உடைந்திருந்தது. சொன்னேன். "பரவாயில்லை மதாம், மெதுவாகத்தான் போவோம்" என்றான் அந்தப் பையன். 14 வண்டிகள் ஒரே வரிசையில், முன்னால் ஒரே ஒரு வழிகாட்டி, பின்னால் யாருமே இல்லை. ஓட்டிப் பழக ஒரு சுற்றுகூட விடவில்லை. புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், ஒரு இறக்கத்து வளைவில் எனக்கு முன்னால் போன தோழியின் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. முன்னால் போனவருக்கு விஷயம் தெரிந்து திரும்பி வருவதற்குள் நாங்களே வண்டியைத் தூக்கி அவளை வெளியே எடுத்துவிட்டோம். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மருத்துவமனையில் கை வீங்கிப்போய் வளையலைக் கழற்ற முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். அவள் கல்யாண வளையல் அது. அப்புறம் அந்த நிறுவனத்தில் பேசியபோது, "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்ற ஒரு பதில்தான் கிடைத்தது.

அதனால் இந்த முறை போவதற்கு முன் நானே உட்கார்ந்து நாலைந்து இடங்களுக்குப் போன் போட்டேன். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி, வரிசையின் கடைசியில் ஆள் வருவாரா, பழக்கச் சுற்று உண்டா, மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு இடத்தில், "எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகலாம் மதாம், யாரும் தடுக்க மாட்டார்கள்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். கடைசியாகப் பேசிய இடத்தில் எடுத்தவர் பதில் சொல்வதற்கு முன் என்னிடம் கேள்வி கேட்டார். பிள்ளைகளுக்கு என்ன வயது? தம்பியிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? யாருக்காவது முதுகு வலி உண்டா? யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா? இதைக் கேட்டதுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அங்கேயே பதிவு செய்தேன்.

இங்கே குவாட் பைக் (அந்த நாலு சக்கர பைக்), பக்கி (மேலே இரும்புக் கூண்டு வைத்த சின்னத் திறந்த வண்டி) சவாரிகள் பெரும்பாலும் பழைய சர்க்கரைப் பண்ணைகளின் நிலத்தில், மலையடிவாரக் காடுகளில்தான் நடக்கின்றன. நாங்கள் போனது தென்மேற்கில், ஷமாரெல் பக்கம். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். வந்தவுடன் வண்டியில் ஏற விடவில்லை. முதலில் டயரைக் கையால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பந்து போல உள்ளே போனது. கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும், இதில் 5 அல்லது 6 தான். கல்லையும் வேரையும் அணைத்துக்கொண்டு போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம் வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அமுக்கும் சின்ன நெம்பைக் காட்டினார். அதுதான் ஆக்சிலரேட்டர். கியர் தொல்லை இல்லை, அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது என்றார். பள்ளத்தில் குதித்ததும் பயத்தில் கை இறுகும். கை இறுகினால் கட்டைவிரல் தன்னால் அமுக்கும். வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் பாயும். "பயம் வந்தால் முதலில் கட்டைவிரலைத் தூக்குங்கள், பிரேக்கெல்லாம் அப்புறம்" என்று மூன்று முறை சொல்ல வைத்தார்.

தோழி ஏன் விழுந்தாள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. பல குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகி ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் இதில் முடியாது. அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் தன் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால்தான் அது திரும்பும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் சாய வேண்டும், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்கள் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். என் தோழியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அன்று எங்களுக்கு யாரும் தரவில்லை.

தம்பி மனைவிக்குத் தயக்கம் இருந்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, அந்த நெம்புக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன திருகைத் திருகினார். அதற்குப் பிறகு நெம்பை முழுக்க அமுக்கினாலும் வண்டி சைக்கிள் வேகத்துக்கு மேல் போகவில்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளைகளைத் தம்பியோடு பக்கியில் ஏற்றி, மேலே இரும்புக் கூண்டு இருக்கிறது, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், என்ன ஆனாலும் கையை வெளியே நீட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெல்ட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். மொத்தம் ஐந்து வண்டி. முன்னால் அவர், கடைசியில் ஒரு பையன். புல்வெளியில் மூன்று சுற்று. "தூஸ்மான், தூஸ்மான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

சரி, இனி சவாரி. வேகமாகப் போகவே இல்லை என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அன்றைய பொழுது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மே மாதம் சீனக் கொய்யாப் பருவம். பாதையின் இரு பக்கமும் கோலிக்குண்டு அளவில் சிவப்புப் பழங்கள். இங்கே உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுவார்கள். வழிகாட்டி ஒரு பொட்டலத்தில் உப்பு மிளகாய் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் வாய் சிவக்கச் சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிடும்போதே, இந்தச் செடி வெளியிலிருந்து வந்தது, இந்த ஊர் மரங்களை வளர விடாமல் நெருக்குகிறது, மொரீஷியஸின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு என்றார். கொஞ்ச தூரத்தில் மான் கூட்டம் நின்று எங்களைப் பார்த்தது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. மேட்டின் உச்சியில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். காது அடங்கியதும்தான் காற்றுச் சத்தம் கேட்டது. கீழே லகூன் என்கிற, பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கும் ஆழமில்லாத கடல், பெனித்தியே தீவு, இடப்பக்கம் லெ மோர்ன் மலை. அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடி ஒளிந்த மலை அது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வால் நீண்ட வெள்ளைப் பறவை ஒன்று பள்ளத்தாக்கின் மேல் தனியாகச் சுற்றியது. தம்பி மகன்தான் முதலில் கண்டுபிடித்தான்: "நாங்கள் வந்த ஏர் மொரீஷியஸ் விமானத்தில் வரைந்திருந்த பறவை!"

இறங்கும் வழியில் ஒரு ஓடை. தம்பிக்கு ஆசை, தண்ணீர் தெறிக்க வேகமாக ஒரு முறை போய் வீடியோ எடுக்க வேண்டும் என்று. வழிகாட்டி முடியாது என்றார். தம்பி கொஞ்சம் முகம் சுளித்தான். அவர் கோபப்படாமல் இறங்கி, கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். சிவந்த, பிசுபிசுப்பான மண். இந்தத் தீவே எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. அந்தப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் மக்கித்தான் இந்த மண் வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் போகும், பக்கத்தில் இருக்கும் ஏழு வண்ண மண்மேடுகளும் இதே கதைதான். இரும்பு சிவப்பைத் தருகிறது, அலுமினியம் நீலத்தையும் ஊதாவையும் தருகிறது. பாதையை விட்டு விலகிச் சக்கரம் சுற்றினால் புல் பெயரும், அடுத்த மழையில் மண் ஓடைக்குப் போகும், ஓடை லகூனுக்குப் போகும். மண் படிந்தால் பவளப்பாறை மூச்சு முட்டிச் சாகும். "நேற்று நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்த்தீர்களே, அந்த இடம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். தம்பி கீழே கடலைப் பார்த்தான். பிறகு வண்டியை நடை வேகத்தில் ஓடைக்குள் இறக்கினான்.

நம் ஆட்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் சவாரி பற்றிக் கேட்கும்போது, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, வண்டி எத்தனை சிசி, வேகமாக விடுவார்களா என்றுதான் கேட்கிறார்கள். கூட வருபவர் யார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர் இல்லையென்றால் நாங்கள் புழுதியும் சேறும் தின்றுவிட்டு வந்திருப்போம். கொய்யா, மான், மண் என்று எதுவுமே தெரிந்திருக்காது. இருந்தும் சுற்றுலா வருகிறவர்கள் இவர்களை வேகத்தைத் தடுக்கும் ஆளாகத்தான் பார்க்கிறார்கள். 14 வண்டிக்கு ஒரே ஒருவரை அனுப்புகிற முதலாளிக்கு அது வசதியாகப் போய்விடுகிறது. நாம் கேட்டால்தான் மாறும். போனில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். கொக்கி உடைந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுங்கள்; மாற்றித் தரவில்லை என்றால் ஏறாதீர்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். அது தப்பு.

கிளம்பும்போது வழிகாட்டிக்குக் கொடுக்கத் தம்பி மகளிடம் பணம் தந்தேன். அவள் நூறு ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அத்தை, இதில் தமிழ் எழுதியிருக்கிறது!" என்று கத்தினாள். அந்த நோட்டில் படமாக இருப்பவரும் நம் தமிழ் வழியில் வந்தவர்தான், மொரீஷியஸ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன். வழிகாட்டியும் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். "இத்தனை வருடம் பையில் வைத்திருக்கிறேன், இது என்ன என்று இன்றைக்குத்தான் ஒருவர் படித்துக் காட்டுகிறார்" என்றார். அவள் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாதையில் ஓரிடத்தில் கரும்புக்கு நடுவே கறுப்புக் கற்குவியல்கள் வரிசையாக இருந்தன. ஆள் உயரத்துக்கு மேல், சில இடங்களில் வீட்டு உயரம். வழிகாட்டி வண்டியை நிறுத்தவில்லை, கையை மட்டும் காட்டினார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். இந்த மண்ணில் கரும்பு நட வேண்டுமென்றால் முதலில் எரிமலைக் கல்லைப் பொறுக்க வேண்டும். 1834 முதல் கப்பல் கப்பலாகச் சுமார் 4,50,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து நிறைய பேர், மதராசிலிருந்து நம்மவர்கள். அந்தக் கைகள் பொறுக்கி அடுக்கிய கல் அது. தம்பி பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். வழிகாட்டியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இனி வருகிற எல்லோரையும் இங்கே இறக்கிவிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டார். கட்டாயம் சொல்லுங்கள் என்றேன். இந்த நிலத்தில் டிக்கெட் போட்டுச் சவாரி நடத்துகிறவர்கள் மற்ற எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் போனில் படங்களைக் காட்டினேன். என் மாமனாருக்கு 78 வயது. கோயிலில் தேவாரம் பாடுவார், பேச்செல்லாம் கிரியோல்தான். சிறு வயதில் அந்தப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவர். மானையும் கடலையும் வேகமாகத் தள்ளிவிட்டு, கற்குவியல் படத்தில் நின்றார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய அம்மா தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமப்பாராம். சிர்தார், அதாவது பண்ணை மேஸ்திரி, பார்க்காத நேரத்தில் இவரிடம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவாராம். இவரை ஒரு மாமரத்தடியில் உட்கார வைத்திருப்பார்களாம்.

"பக்கத்தில் மாமரம் இருந்ததா, மகளே?"

நான் கவனிக்கவில்லை. மறுநாள் வழிகாட்டிக்குப் போன் செய்து கேட்டேன். "மாமரம் இரண்டு இடத்தில் இருக்கிறது மதாம். எது என்று அவரே வந்து பார்த்துச் சொல்லட்டும்" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மாமாவுக்குக் குவாட் வேண்டாம், ஜீப் கொண்டுவருகிறேன், நானே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.