ரிமோட் விமானம் விழுந்தால் கேஸ் இல்லையா?

"ட்ரோன் விதியெல்லாம் நாலு விசிறி வைத்ததற்குத்தான். ரிமோட் விமானம் பொம்மை, கைமீறி விழுந்தால் கேஸே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானத்துக்குத் தனி வரையறையே உண்டு: 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்கோ படிப்பு, ஆய்வுக்கோ கண்ணெட்டும் தூரத்தில் பறப்பது. அதற்கு வகைச் சான்றிதழ் (அந்த ரக ட்ரோன் தரத்துக்கு உட்பட்டது என்ற அரசுச் சான்று) வேண்டாம், அவ்வளவுதான் சலுகை. விழுந்து யாருக்காவது அடிபட்டால் அந்தச் சலுகை காப்பாற்றாது. பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தாகும்படி அசட்டையாக ஓட்டியது நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125-ஆம் பிரிவு வரும். காயத்துக்கு 6 மாதம் வரை, கொடுங்காயத்துக்கு 3 ஆண்டு வரை சிறை.

அதற்காக, "சிக்னல் போனாலே ஜெயில்" என்று பயமுறுத்துவதும் சரியில்லை. போன பொங்கலுக்குப் பள்ளத்தூரில் என் அக்கா மகன் விட்ட தெர்மாகோல் விமானம் காற்றில் இழுபட்டு, பக்கத்து வீட்டு நாட்டு ஓட்டில் இரண்டை உடைத்துக்கொண்டு, வளவில் காயப்போட்டிருந்த வடகத்தில் மூக்குக் குத்தி நின்றது. வேண்டுமென்றே செய்யாத சேதம் என்பதால் அது நஷ்டஈட்டு விஷயம்தான். ஓட்டுக்குக் காசு கொடுத்தோம். வடகத்துக்கு ஆச்சி இன்னும் திட்டுகிறார்கள்.