சிவப்பு ஸ்விட்சும் ஒரு புள்ளியும்

கேம் ஆடத் தெரியாத நான் கேமிங் கீபோர்டு வாங்கியிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. பழைய ரப்பர் சவ்வுக் கீபோர்டில் 'ப' விசை உள்ளே போனால் வெளியே வர மறுத்தது. சரி, இம்முறை ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கலாக வாங்குவோம் என்று தேடினால், என் பட்ஜெட்டுக்குள் கண்ணில் பட்டவை எல்லாமே கேமிங்!

நேற்று மாலை பெட்டி வந்தது. அட்டை முழுக்க வாணவேடிக்கை. 1 கோடியே 68 லட்சம் வண்ணங்களில் ஒளிருமாம். உள்ளே இருப்பது எந்த ஸ்விட்ச் என்பது மட்டும், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போல, ஓரத்தில் பொடி எழுத்தில்: சிவப்பு. விரல் நாள் முழுக்கப் பழகப்போவது ஸ்விட்சோடு. இவர்கள் விற்பதோ விளக்கை.

87 விசைகள், வலப்பக்க எண் பகுதி இல்லை. கீகேப், அதாவது விசையின் மேல்மூடி, பிடுங்க ஓர் இடுக்கி, உபரியாக நாலு ஸ்விட்ச். தூக்கினால் செங்கல் கனம். மேசையில் வைத்தால் நகராது. அது பிடித்திருந்தது.

நிறப் பெயர்கள் ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து எம்எக்ஸ் ஸ்விட்சுகளிலிருந்து வந்தவை. மற்றவர்களும் பெரும்பாலும் அதே வழக்கத்தில் போகிறார்கள். நீலம் ஒவ்வொரு தட்டுக்கும் சொடுக்குப் போடும். பழுப்பு, பாதிவழியில் விரலுக்கு ஒரு சிறு மேடு காட்டும். சிவப்பு ஒன்றும் சொல்லாமல் வழுக்கி இறங்கும். செர்ரியின் சிவப்பில் விசை இறங்கும் ஆழம் 4 மி.மீ.; 2 மி.மீ. வந்ததுமே எழுத்து விழுந்துவிடும். சுமார் 45 கிராம் அழுத்தம் போதும்.

நான் தட்டச்சுவது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில். அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வந்துவிடும். 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இந்த இரட்டைத் தட்டுக்குச் சிவப்பு ஸ்விட்ச் அருமை. விசை முழுதாக மேலே வரும் முன்பே அடுத்த 'க' விழுகிறது. சவ்வுக் கீபோர்டில் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

சிக்கல் அந்தப் புள்ளியில்தான். தமிழ்99-இல் புள்ளி இருப்பது எஃப் விசையில். இடது சுட்டுவிரல் சும்மா இருக்கும்போது ஓய்வெடுக்கும் இடம் அது. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் படித்த காலத்து இரும்பு விசைகளில் வளர்ந்த விரல் இது, கனமாகவே உட்காரும். இன்று காலை 'படம்' மூன்று முறை 'பட்ம்' ஆயிற்று. பிழை திருத்தக் கூலி வாங்குகிறவன் பிழை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறேன்.

ஸ்பேஸ் பார் வேறு சட்டைப்பையில் சில்லறை போலக் குலுங்குகிறது. அடியிலுள்ள கம்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடங்கும். விலைக்குள் அதையும் அவர்களே தடவி அனுப்பியிருக்கலாம்.

திருப்பி அனுப்பப்போவதில்லை. இதில் ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம், பற்றவைப்பு வேலை கிடையாது. இடது கைப் பக்கம் முழுவதும் பழுப்பு போட்டுவிடலாம் என்றேன். அதற்குள் மகன் வந்து டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் மேல் விரல்களைப் பரப்பியிருந்தான். எனக்கு அவை ஈ, அ, இ, உ. கேம் ஆடும் அவனுக்கு முன்னே, இடமே, பின்னே, வலமே.

"அப்பா, எஃப்பை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். இந்த நாலில் மட்டும் கை வைக்காதீர்கள்" என்கிறான்.

ஒரே ஒரு பழுப்பு ஸ்விட்சை யாராவது சில்லறையாக விற்பார்களா?