இரவு பதினொன்றரைக்கு அளவு கொடுக்க வந்தவர்

நேற்று இரவு 11.30க்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பட்டுத்துணிப் பையோடு ஒரு வாடிக்கையாளர். தெருவில், பைக்கில் உட்கார்ந்தபடி கொட்டாவி விடும் அவர் கணவர். "அளவு கொடுக்க வரச்சொன்னீர்களே அக்கா?" நான் எங்கே சொன்னேன்! சொன்னது என் புதிய ஏஐ உதவியாளர். மாதம் பிறந்தால் சம்பளம் மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்கிற மகாராசன்.

ஆவணி முகூர்த்தம் வருகிறது, தையல் மெஷினை நிறுத்தி நிறுத்திப் போன் பேசி மாளவில்லை என்றுதான் இதை என் காலண்டரோடு இணைத்தேன். இணைக்கும்போது என்ன கேட்டது தெரியுமா? என் எல்லாக் காலண்டர்களையும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும், நிரந்தரமாக அழிக்கவும் அனுமதி வேண்டுமாம். வீட்டுப் பத்திரத்தைக் கேட்காததுதான் பாக்கி. கொடுத்தேன். இத்தனையும் வாங்கிக்கொண்டு, நான் எந்த ஊர் என்று மட்டும் கேட்கவில்லை. அதுவாகவே லாஸ் ஏஞ்சல்ஸ் என்று வைத்துக்கொண்டது! காலை 10 முதல் மாலை 6 வரை என்று நான் போட்டது அந்த ஊர்க் கணக்கில் போயிருக்கிறது. அங்கே காலை 11 என்றால் இங்கே இரவு 11.30. "உங்கள் நேரம் உறுதி செய்யப்பட்டது" என்று பூப்போட்டுச் செய்தி வேறு. அந்த அம்மாவும், பாவம், முகூர்த்த நெருக்கடி போலிருக்கிறது என்று நம்பிக் கிளம்பி வந்துவிட்டார்.

அவர் போனபிறகு மாற்ற உட்கார்ந்தேன். ஊர்ப் பட்டியலில் சென்னை இல்லை. மதுரை இல்லை. இந்தியா என்று தட்டினால் அமெரிக்காவின் இந்தியானா வருகிறது, இந்தியப் பெருங்கடல் தீவுகள் வருகின்றன. கடைசியில் நம் இந்திய நேரம் 'ஆசியா/கொல்கத்தா' என்ற பெயரில் ஒளிந்திருந்தது.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேன். குலதெய்வக் கோவில், நாள் முழுக்க என்று குறித்திருந்தேன். அன்றைக்கு நான்கு பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறது. நாள் முழுக்க என்று போட்டால், நான் அன்றைக்குச் சும்மா இருக்கிறேன் என்றுதான் காலண்டர் எடுத்துக்கொள்ளுமாம். வேலை இருக்கிறது என்று நாம்தான் தனியாக மாற்ற வேண்டுமாம். அரைமணி நேரம் பல் டாக்டரிடம் போனால் வேலை. நாள் முழுக்க ஊரிலேயே இல்லையென்றால் சும்மா. எந்த ஊர் நியாயம் இது? லாஸ் ஏஞ்சல்ஸ் நியாயமாக இருக்கும்.

அந்த நேரத்தில் வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பவா முடியும்? தூக்கக் கண்ணோடு டேப்பைத் தேடி எடுத்து, கழுத்து, கை, இடுப்பு எல்லாம் அளந்து முடித்துவிட்டு, "லைனிங் துணி எங்கே?" என்றேன். மறந்துவிட்டாராம். பட்டு ஜாக்கெட்டுக்கு லைனிங் வேண்டும் என்று வாசலில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். ஏன் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, லைனிங் துணியோடு வருவதில்லை?